இரண்டாவது இழுப்பு

அந்த ஆற்றுக்கு நேராகப் போகத் தெரியாது. மலையை விட்டு இறங்கியதும் ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு, தூக்கத்தில் புரண்டு படுத்த பிள்ளை போல, வந்த வழியையே பார்த்துக் கிடக்கும். வளைவில் ஒரு படித்துறை. படிக்கு மேலே கல்மண்டபம். அங்கே இருக்கிற அம்மனுக்குத் துறையம்மன் என்றே பேர்.

பிள்ளைகளின் பிறந்த முடியை அங்கேதான் கொடுப்பார்கள். விடியக்காலையில் பனி தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு நிற்கும். மழித்த முடியை ஆற்றில் விட்டால் உடனே மூழ்காது. கொஞ்ச தூரம் மிதந்து போய்ப் பனிக்குள் நுழைந்துகொள்ளும். அப்புறம் அது எங்கே போகிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

மண்டபத்தில் முடி எடுப்பவள் முப்பிடாதி. வயசு முப்பது இருக்கும். எத்தனையோ பிள்ளைகளின் தலை அவள் கைக்கு வந்து போயிருக்கிறது. ஒன்றிலும் கீறல் விழுந்ததில்லை. இரண்டு தூணுக்கு நடுவே சேலையில் தூளி கட்டி, தன் ஏழு மாசப் பெண்ணை அதில் போட்டிருப்பாள். கத்தி தீட்டுகிற எருமைத்தோல் வாரும் அதில் ஒரு தூணில், தூளிக் கயிற்றோடு சேர்த்துத்தான் கட்டியிருக்கும்.

ஒரு நாள் காலையில் பனியை விலக்கிக்கொண்டு கொம்பையா வந்தார். ஐம்பத்தைந்து வயசு. தோள் இரண்டும் மண்வெட்டி பிடித்தவன் தோளைவிடப் பெரிசு.

"சவரக்கத்தி தீட்டக் கத்துக்கணும், தாயி."

முப்பிடாதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பாளையத்து வாள்பட்டறைக்காரர் இல்லையா?"

"ஆமா."

"காத்தையே ரெண்டாக்குற வாள்னு சொல்லுவாங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரதா? ஊர் சிரிக்கும்யா."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"எங்க அப்பா வயசு உங்களுக்கு."

"அப்பன் வயசு ஆனா படிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூளி அசைந்ததால் அடக்கிக்கொண்டாள். "உட்காருங்க. மெதுவாப் பேசுங்க."

கொம்பையா படியில் உட்கார்ந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் மக வெயிலாளுக்கு மூணு பிள்ளை பிறந்துச்சு. மூணும் இந்தத் துறையைப் பாக்கலை. அதுக்குள்ள போயிருச்சு. இது நாலாவது. பேரன். பத்து மாசம் முடிஞ்சிருச்சு."

"சரி."

"அவன் பிறந்த அன்னைக்கே அம்மன்கிட்ட நேர்ந்துக்கிட்டேன். இவனை விட்டு வை, நானே தீட்டின கத்தியில, என் கையாலயே இவன் முடியை உனக்கு எடுத்துத் தரேன்னு. வர்ற பௌர்ணமிக்கு நாள் குறிச்சாச்சு."

"ஏன் அப்படி நேர்ந்தீங்க? எல்லாரும் கெடா நேருவாங்க, மணி நேருவாங்க."

கொம்பையா தன் உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கை தலையை எடுக்கிறதுக்கே தீட்டின கை, தாயி. முடியை மட்டும் எடுத்துட்டு நிக்குமான்னு அவளுக்கே காட்டணும்னு தோணுச்சு."

முப்பிடாதி அந்தக் கைகளைப் பார்த்தாள். தூளியை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் மடியிலிருந்து ஒரு மடக்குக்கத்தியை எடுத்தார். அவரே அடித்தது. இரண்டு நாள் இராப்பகலாகத் தீட்டியது. தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தியின் கூர்வாய்க்கு மேலே விட்டார். முடி கத்தியில் பட்டதும் இரண்டாகி விழுந்தது.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு. உங்க முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் மழிங்க."

தண்ணீர் தொட்டு வைத்து மழித்தார். முதல் இழுப்பு வெண்ணெயாகப் போனது. கொம்பையா புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு," என்றாள்.

இரண்டாவது இழுப்பு கடித்தது. "ஸ்ஸ்" என்று காலை இழுத்துக்கொண்டார். பொட்டுப் பொட்டாக இரத்தம் முளைத்தது.

"என்ன தாயி இது? இப்பத்தானே அப்படிப் போச்சு!"

"வாளுக்கு எத்தனை வெட்டு வேணும்?"

"நல்ல வாளுக்கு ஒண்ணு போதும்."

"பிள்ளைத் தலைக்கு எத்தனை இழுப்பு?"

கொம்பையா யோசித்தார். "தெரியலையே."

"நானும் எண்ணினதில்லை," என்று சொல்லிவிட்டு முப்பிடாதி எழுந்தாள். "மண்டபத்துக்குப் பின்னால சத்திரம் இருக்கு. பாயை விரிச்சுக்கிடுங்க. பௌர்ணமிக்கு எத்தனை நாள்?"

"பத்தொன்பது."

"கல்லைத் தண்ணியில ஊறப் போடுங்க."

கொம்பையாவுக்கு அந்த நாள்கள் எல்லாம் ஒரே நாள் போலத்தான் பின்னால் ஞாபகம் வந்தன. காலையில் பனி. கல்லின் மேல் தண்ணீர். தண்ணீரில் கறுத்த பால் போல ஊறி வரும் இரும்புச் சேறு. எங்கேயோ மரங்கொத்தி. தூளியின் கயிறு தூணில் உரசுகிற சத்தம்.

கல்லில் கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் வாயும் சேர்ந்து பட, வாய் முன்னே போகத் தள்ள வேண்டும். அந்தக் கோடியில் வாயை மேலே தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டி, இந்தப் பக்கம் கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஐந்து வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

கொம்பையாவின் கைக்குத்தான் புரியவில்லை. பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் தோளிலிருந்து அழுத்திப் பழகிய கை அது.

"கல்லு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்பாள் முப்பிடாதி.

"அழுத்தாம எப்படி தாயி தேயும்?"

"கத்திக்குக் கனம் இல்லையா? அது போதாதா?"

இரண்டு விரலால் மட்டும் பிடிக்கச் சொன்னாள். அப்போதும் அழுத்தினார். விரல் நுனியில் ஒரு பூவைக் கொடுத்து, அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தீட்டச் சொன்னாள். சாயங்காலம் பூ சட்னியாகியிருந்தது.

ஏழாம் நாள் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கத்தி போதும்னு எப்பத் தெரியும், தாயி? வாளுன்னா வாழைத்தண்டை வெட்டிப் பாப்போம். இதுக்கு என்ன கணக்கு?"

முப்பிடாதி அவரை மண்டபத்துக்குப் பின்பக்கம் கூட்டிப் போனாள். வேலியில் அவள் போட்ட சாம்பல் பூசணிக் கொடி படர்ந்திருந்தது. பிஞ்சுகள் தொங்கின. ஒவ்வொரு பிஞ்சின் மேலும் மெல்லிசாக, பூனைமயிர் போல வெள்ளைச் சுணை, வெயில் பட்டால்தான் தெரிகிற மாதிரி.

"கொடியை விட்டு அறுக்காம, இந்தச் சுணையை மட்டும் மழிங்க. தோல் அறியக் கூடாது."

கொம்பையா குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மழித்தார். சுணை போனது. ஒரு நொடி கழித்துப் பிஞ்சின் தோலில் வரிசையாகப் பச்சைத் துளிகள் கசிந்து உருண்டன.

"அழுதுருச்சு," என்றாள் முப்பிடாதி.

மறுநாள் இரண்டாவது பிஞ்சும் அழுதது. அதற்கு மறுநாள் மூன்றாவது. நாலாவது பிஞ்சின்போது முப்பிடாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வருஷம் எங்க வீட்ல பூசணிக்காய்க் கூட்டு கிடையாதுன்னு நினைக்கிறேன்."

கொம்பையா தலையைத் தொங்கப் போட்டார். அன்று சாயங்காலம் அவர் சோறு உண்ணவில்லை.

அடுத்த நாள் முப்பிடாதி அக்கரையில் ஒரு வீட்டுக்கு முடி எடுக்கப் போய்விட்டாள். கொம்பையா காலையில் கல்லின் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தள்ளினார், புரட்டினார், இழுத்தார். கூர் ஏற ஏற அவருக்குள்ளே பட்டறை நெருப்பு ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அது கேட்டது. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினார். நிழல் மண்டபத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. அவள் பரிசலை விட்டு இறங்கி வந்தபோது கத்தியின் வாய் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தது.

"பாரு தாயி!" என்று ஓடினார். முடியைப் போட்டார். முடி விழுவதற்கு முன்பே அறுந்தது போல இருந்தது.

முப்பிடாதி கத்தியை வாங்கி ஒரு துண்டுப் பஞ்சின் மேல் மெல்ல இழுத்தாள். கத்தி வாயில் பஞ்சு இழை இழையாகத் தொற்றிக்கொண்டது.

"இது கூர் இல்லை. பிசிறு. தேயத் தேய இரும்பு மெலிஞ்சு ஓரத்துல சுருண்டு நிக்குது. முடியை அறுக்கும். ரெண்டாவது இழுப்புல ஒடிஞ்சு ரம்பமாகும்."

சொல்லிக்கொண்டே தூணோரம் கிடந்த எருமைக்கொம்பை எடுத்தாள். கத்தியின் வாயை அதன் மேல் வைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். பிசிறு போயிற்று. அதோடு அவருடைய ஒரு பகல் முழுதும் போயிற்று.

கொம்பையாவின் முகம் கறுத்தது.

"காலையிலேருந்து உட்கார்ந்திருக்கேன்! கஞ்சி கூடக் குடிக்கலை!"

"தெரியுது."

"எப்பப் போதும்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறே. நானா தீட்டினா அதிகம்ங்குறே. நிறுத்தினா குறைச்சல்ங்குறே. பத்து நாள்கூட இல்லை தாயி. என் மக அந்தப் பிள்ளையை மடியை விட்டு இறக்க மாட்டேங்குறா. அவன் தலையில ஒரு சொட்டு ரத்தம் பாத்தா அவ உசிரே போயிரும். எப்பப் போதும்? ஒரு வார்த்தை சொல்லு!"

சத்தத்தில் தூளிக்குள் குழந்தை வீறிட்டது.

முப்பிடாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அழுகை நின்றது. சப்புக் கொட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அது மெதுவானது. அப்புறம் இல்லை. கொம்பையா ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். கோபம் எந்த இடத்தில் போனதென்று அவருக்கே தெரியவில்லை.

அவள் தோளில் குழந்தையைச் சாய்த்தபடி வந்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"எப்பப் போதும்னு கேட்டேன்," என்றார், குரலைத் தாழ்த்தி.

"இவ இப்பத்தான் வாயை எடுத்தா. தூளியை விரிச்சுப் பிடிங்க."

மறுநாளிலிருந்து கல்லை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். இனி தோல் வார் மட்டும்தான் என்றாள்.

வாரின் ஒரு நுனி தூணில். மறு நுனியை இடக்கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கல்லில் போனதற்கு நேர் மாறாக, இங்கே முதுகு முன்னே போகும், வாய் பின்னால் வரும். பழக்க தோஷத்தில் முதல் நாளே வாயை முன்னே விட்டார். வாரில் ஒரு துண்டு வெட்டுப்பட்டுத் தொங்கியது.

"எருமை செத்தும் உங்ககிட்ட தப்பிக்கலை," என்றாள் முப்பிடாதி.

தூளியும் வாரும் ஒரே தூணில் கட்டியிருந்ததால் ஒரு சங்கதி நடந்தது. அவர் அழுத்தி இழுத்தால் தூளிக் கயிறு அதிர்ந்து குழந்தை சிணுங்கும். ஒரு போக்கு வேகமாகவும் ஒரு போக்கு மெதுவாகவும் போனால் கண்ணைத் திறந்து பார்க்கும். முப்பிடாதி அவர் கையைப் பார்ப்பதே இல்லை. படியில் உட்கார்ந்து வந்தவர்களின் தலையை மழித்துக்கொண்டே, குழந்தை சிணுங்கினால் மட்டும், "ம்?" என்பாள்.

சப்... சப்... சப்... சப்...

போகப் போக அது தாலாட்டாக ஆயிற்று. வாரில் கத்தி போவதும் வருவதும், ஆற்றில் துடுப்புப் போவதும் வருவதும், தூளிக்குள் மூச்சுப் போவதும் வருவதும் ஒன்றோடொன்று கலந்தன. ஒரு மத்தியானம் கொம்பையாவுக்கு, தான் தீட்டுகிறோமா இல்லை யாரோ தன்னைத் தீட்டுகிறார்களா என்று சந்தேகம் வந்தது. பார்த்தால் வெயில் இறங்கியிருந்தது. குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று வேலியில் மிச்சமிருந்த பிஞ்சு ஒன்றை மழித்தார். சுணை கையோடு வந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். தோல் அழவில்லை. சாயங்காலம் வரை ஐந்து தடவை போய்ப் பார்த்தார். அப்போதும் அழவில்லை.

"போதுமா, தாயி?"

முப்பிடாதி உலை வைத்துக்கொண்டிருந்தாள். "நாளை மறுநாள் பௌர்ணமி," என்றாள்.

பௌர்ணமி அன்று விடிவதற்குள் வெயிலாள் வந்துவிட்டாள். கூட அவள் தம்பி மாடப்பன், மாமியார். வெயிலாளின் கையில் பிள்ளை. தலை நிறைய சுருட்டை முடி, காது இரண்டையும் மூடிக்கொண்டு. கழுத்து மடிப்பில் பால் வாசனை. வெயிலாள் யாரோடும் பேசவில்லை. பிள்ளையின் மூக்குக்கு நேரே அடிக்கடி விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டாள்.

"மேல்படியில வெயில் விழுறதுக்குள்ள முடிக்கணும். அதுவரைக்கும்தான் நல்ல நேரம்," என்றாள் மாமியார்.

தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். "அசையாதடா மாப்பிள்ளை. உங்க தாத்தா இன்னைக்குத்தான் முதன்முதலா கழுத்துக்கு மேலே வேலை பாக்குறாரு," என்றான் மாடப்பன்.

"வாயை மூடுடா," என்றாள் வெயிலாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது.

கொம்பையா ஆற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முடியில் விட்டு நீவினார். நீவிக்கொண்டே இருந்தார். முடி நனைந்து தலையோடு ஒட்டியது. பிள்ளையின் கண் சொருகியது. அப்புறம்தான் கத்தியைத் திறந்தார்.

வலது காதுக்கு மேலே முதல் இழுப்பு. சர்ர்.

இரண்டாவது இழுப்பு. சர்ர்.

வெயிலாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். முப்பிடாதி தூணில் சாய்ந்து நின்றாள். கத்தி பின்னந்தலைக்குப் போனது, இடது காதைச் சுற்றி வந்தது, நெற்றியில் இறங்கியது. ஈர முடி கொத்துக் கொத்தாக மாடப்பனின் வேட்டியில் விழுந்தது. தலை, பிறந்த அன்று இருந்த நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. கீறல் இல்லை. சிவப்பு இல்லை.

கடைசியில் உச்சியில் மட்டும் ஒரு கொத்து மிச்சம் நின்றது. இரண்டு விரல் அகலம்.

அங்கே எலும்பு இன்னும் மூடியிருக்கவில்லை. முடிக்கு அடியில் அந்தக் குழி எழும்பி எழும்பி அடங்கியது. உள்ளேயிருந்து யாரோ மெதுவாகக் கதவைத் தட்டுவது போல இருந்தது.

கொம்பையா கத்தியை அதன் ஓரத்தில் வைத்து ஒரு நூல் அளவு நகர்த்தினார். சத்தம் மாறியிருந்தது. சர்ர் இல்லை. கிர்ர். அவருக்குக் காதில் விழுவதற்கு முன்பே கையில் விழுந்தது அது. கத்தி களைத்துவிட்டது; வெயில் விழுவதற்குள் வாரில் தீட்ட நேரமில்லை.

அதே நேரம் பிள்ளை முழித்துக்கொண்டான். முழித்தவனுக்கு விக்கல் வந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் தலை துள்ளியது.

"ஒரே இழுப்புதானே, சம்பந்தி? எடுத்துருங்க. வெயில் வரப்போகுது பாருங்க," என்றாள் மாமியார்.

கொம்பையா கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். விக். தலை துள்ளியது. குழி எழும்பியது, அடங்கியது. விக்.

"சம்பந்தி! குறை வெச்சா அம்மனுக்கு ஆகாது! மூணைக் கொடுத்துட்டு நிக்கிறோம்!"

வெயிலாளின் முகம் வெளுத்தது.

கொம்பையா கத்தியை மடக்கினார். டக் என்ற சின்னச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மடக்கிய கத்தியைப் படியில் வைத்துவிட்டு, ஈரக் கையால் அந்தக் கொத்து முடியைத் தடவிப் படிய வைத்தார்.

"அய்யோ," என்றாள் மாமியார். முப்பிடாதி பக்கம் திரும்பினாள். "நீயாவது எடும்மா! உன் கத்தி இருக்குல்ல?"

"வேண்டுதல் அவர் கைக்கு," என்றாள் முப்பிடாதி. தூணை விட்டு நகரவில்லை.

மேல்படியில் வெயில் விழுந்தது.

கொம்பையா மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "குறை வெச்சுட்டேன், கண்ணு," என்றார். "எடுத்திருக்கலாம். முடியலை."

வெயிலாள் குனிந்து, தம்பி மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். மொட்டைத் தலையின் நடுவே அந்தக் கொத்தும், அதற்குக் கீழே எழும்பி எழும்பி அடங்குவதும் அவள் கண்ணுக்கு நேரே இருந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். விக்கினான்.

"இருக்கட்டும்பா," என்றாள். "மிச்சத்துக்கு அடுத்த பௌர்ணமிக்கு வரோம்."

மாமியார் வாயைத் திறந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நாலு பிள்ளை பெற்ற வெயிலாள், பிள்ளையைப் பற்றிப் பேசும்போது 'அடுத்த' என்று ஒரு வார்த்தையை வாயில் எடுத்தது அதுதான் முதல் தடவை.

முடியை ஆற்றில் விட்டார்கள். சுருள் சுருளாக மிதந்து, பனிக்குள் நுழைந்து போயிற்று. வெயிலாள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசினாள். அவன் விக்கல் நின்று சிரித்தான். மாடப்பன் வேட்டியை உதறிக்கொண்டு, "தலை தப்பிச்சது தம்பிரான் புண்ணியம்," என்றான். இந்தத் தடவை வெயிலாள் அவனை அதட்டவில்லை.

அவர்கள் படியேறிப் போன பிறகு கொம்பையா முப்பிடாதியின் முன்னால் வந்து நின்றார். அவள் அவருடைய கத்தியைத் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை கேட்டேன், தாயி. போதும்னு எப்பத் தெரியும்னு. கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே."

முப்பிடாதி கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு யாரைக் கேட்டு மடக்கினீங்க?"

கொம்பையா கத்தியை மடியில் செருகினார். ஆற்றைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, தூளிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார்.